வயதைக் கேட்கும் வாசல்கள்

இங்கிலாந்தில் வசிக்கும் என் தமக்கையின் மகன் 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தான். அவனுக்குப் பதினைந்து வயதில் ஒரு பையன் இருக்கிறான். ஆபாசப் படங்களைக் காட்டும் இணையத்தளங்கள் தம்மிடம் வருவோரின் வயதை உறுதிப்படுத்திய பின்னரே உள்ளே விட வேண்டும் என்ற விதி, அதற்குச் சில நாட்களுக்கு முன்னர், ஜூலை 25ஆம் திகதி, அந்நாட்டில் நடைமுறைக்கு வந்திருந்தது. முகத்தைக் காட்ட வேண்டும். அல்லது அடையாள ஆவணத்தையோ கடன் அட்டையையோ காட்ட வேண்டும். "மாமா, இது நல்ல சட்டந்தானே? கண்டியிலும் இப்படி ஒன்று வருமா?" என்று கேட்டான்.

"வருவது கடினம். எங்கள் நாட்டுச் சட்டப்படி அந்தத் தளங்களே இருக்கக் கூடாதவை. இல்லாத வீட்டுக்கு வாசற்காவல் எதற்கு?" என்றேன்.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு விளங்கியது. கண்டி நகரில் கைத்தொலைபேசி வைத்திருக்கும் எந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் அந்த 'இல்லாத வீட்டுக்குள்' அரை நிமிடத்தில் நுழைந்துவிடலாம். சட்டம் கதவைப் பூட்டி வைத்திருக்கிறது. கதவோ திறந்து கிடக்கிறது. இந்த நிலை எப்படி வந்தது என்பதை, நான் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி சேகரித்த இந்த நகரத்தில் நின்றுகொண்டு எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

என் வாழ்வில் வயதைக் கேட்ட முதல் வாசல், கண்டியில் இருந்த ஒரு திரையரங்கின் வாசல். ஆண்டு 1968 ஆக இருக்க வேண்டும். எனக்குப் பதின்மூன்று வயது. என் பெரியப்பாவின் மகனுக்குப் பதினைந்து. 'வயது வந்தோருக்கு மட்டும்' என்று பலகை தொங்கிய ஓர் ஆங்கிலப் படத்துக்கு அவன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். 1912ஆம் ஆண்டின் பகிரங்கக் காட்சிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் இந்நாட்டில் படங்கள் தணிக்கை செய்யப்பட்டு வந்தன என்பதோ, அந்தப் பலகையின் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது என்பதோ அன்று எமக்குத் தெரியாது. அண்ணன் பெரியப்பாவின் நீளக் காற்சட்டையை இடுப்பில் கயிறு கட்டி அணிந்திருந்தான்.

வாசலில் நின்றவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். வயதைக் கேட்கவில்லை. "தம்பி சாதாரண தரப் பரீட்சை எந்த வருஷம் எழுதினது?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் மிக நேர்மையாக, "வாற டிசம்பரில்" என்றான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். டிக்கட் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லி அவர் எங்களை அனுப்பிவிட்டார்.

ஒரு வாரம் கழித்துச் சந்தையில் அதே மனிதரைக் கண்டு நான் ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். அவர் என்னைப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை, கத்தரிக்காய் விலை கேட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரேயொரு செய்தி: நாங்கள் வளர்ந்தவர்களா, இல்லையா? அதை அறிந்தார், உடனே மறந்தார். எங்கள் பெயரை அவர் கேட்கவேயில்லை. அது எத்தனை பெரிய நாகரிகம் என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் புரிந்தது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இலங்கையில் ஆபாசப் பிரசுரங்களைப் பற்றிய அடிப்படைச் சட்டம் 1927ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். பிரித்தானியர் காலத்தில் எழுதப்பட்டது. அதன் வேர் 1857இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்திலும், 1868இல் அந்நாட்டு நீதிபதி ஒருவர் வகுத்த அளவுகோலிலும் இருக்கிறது. கெட்டுப்போகக்கூடிய மனமுள்ளவர் கையில் கிடைத்தால் அவரைக் கெடுக்குமா என்று பார்த்து ஒரு நூலை மதிப்பிட வேண்டும் என்பதே அந்த அளவுகோல். நடைமுறையில், வீட்டில் உள்ள மிக இளைய பிள்ளையை வைத்து அந்த வீட்டிலுள்ள எல்லோருக்கும் உணவைத் தீர்மானிப்பது போன்றது அது.

ஆகவே 1927ஆம் ஆண்டுச் சட்டம் யாருடைய வயதையும் கேட்கவில்லை. சிறுவருக்கும் கூடாது, கிழவருக்கும் கூடாது என்றது. வயதுச் சரிபார்ப்பு என்ற எண்ணத்துக்கே ஒரு முன்நிபந்தனை உண்டு: வளர்ந்தவர்கள் உள்ளே போகலாம் என்று சட்டம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதலை எமது சட்டம் இன்றுவரை வாயால் சொல்லவில்லை.

பிள்ளைகளைத் தனியாகக் கருதிய சட்டம் ஒன்று சுதந்திரத்தின் பின்னர் வந்தது. அமெரிக்காவில் அச்சான பயங்கரச் சித்திரக் கதைப் புத்தகங்கள் பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கின்றன என்று 1950களில் பல நாடுகளில் பெரும் கூக்குரல் எழுந்தது. இங்கிலாந்து 1955இல் ஒரு சட்டம் இயற்றியது. மறுவருடம், அதே பெயரைத் தாங்கி, பிள்ளைகள் மற்றும் இளம் ஆட்கள் தொடர்பான தீங்கு பயக்கும் பிரசுரங்கள் பற்றிய 1956ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இலங்கையிலும் நிறைவேறியது. அதுவும் வாங்குபவரின் வயதைக் கேள் என்று சொல்லவில்லை. அச்சிடாதே, விற்காதே என்றது. பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு பூட்டிய கதவு.

நாற்பது ஆண்டுகள் கழித்துக் கவனம் வேறு பக்கம் திரும்பியது. தண்டனைச் சட்டக் கோவையில் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தின் மூலம் 286அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சிறுவர்களைக் கொண்டு ஆபாசப் படம் எடுப்பதும், அத்தகைய படத்தை வைத்திருப்பதும், பரப்புவதும் குற்றமாயின. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கான சட்டம் வந்தது. இவை மிகத் தேவையான சட்டங்கள். நீதிமன்றச் செய்தியாளனாகக் கண்டியில் அமர்ந்திருந்த நாட்களில், முகத்தைத் தாயின் சேலையில் புதைத்துக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பெயரை எழுதாமல் செய்தியை எழுதுவதற்கு அந்நாட்களில்தான் பழகினேன்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சட்டங்கள் காத்தது படத்தில் இருக்கும் பிள்ளையை. படத்தைப் பார்க்கும் பிள்ளை வேறு. இரண்டு பிள்ளைகளையும் நாம் ஒரே மூச்சில் பேசிப் பேசி, இரண்டாவது பிள்ளையை மறந்துவிட்டோம். 2009இல் கொழும்பு நீதவான் நீதிமன்றம், பொலிஸாரின் கோரிக்கையின் பேரில், சில ஆபாசத் தளங்களைத் தடை செய்யுமாறு தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவுக்கு உத்தரவிட்டது. அதுவும் வயதைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் மூடு என்றது. ஒன்றை மூடியபோது பத்து திறந்தன.

இந்நாட்டில் வயதைக் கேட்கும் சட்டமே இல்லையா? உண்டு. புகையிலை, மதுபானம் பற்றிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவருக்கு அவற்றை விற்கக் கூடாது என்கிறது. கண்டி நகரத்துப் பெட்டிக்கடைகளிலும் அந்த அறிவித்தலைப் பார்க்கலாம். கடைக்காரர் முகத்தைப் பார்க்கிறார், ஐயம் வந்தால் அடையாள அட்டையைப் பார்க்கிறார், திருப்பித் தருகிறார். திரையரங்கு வாசலில் நின்ற மனிதரின் அதே முறை.

அதே 2006ஆம் ஆண்டு தண்டனைச் சட்டக் கோவை மீண்டும் திருத்தப்பட்டது. கணினி மூலம் சேவை வழங்குவோர், தமது கணினிகள் சிறுவர் பாலியல் துஷ்பிரயோகக் குற்றத்துக்குப் பயன்படாதவாறு நடவடிக்கை எடுக்க வேண்டும். அப்படி நடப்பது தெரிந்தால் பொலிஸாருக்கு அறிவிக்க வேண்டும் என்ற கடமை விதிக்கப்பட்டது. அது கண்டியில் சந்துக்குச் சந்து நெட் கஃபேக்கள் இருந்த காலம். திருகோணமலை வீதிப் பக்கம் ஒரு சிறு சந்தில் அப்படி ஒரு கடை வைத்திருந்தவர் எனக்குத் தெரிந்தவர். இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன், நேர்மையான மனிதர். கணினிகளுக்கு நடுவே இருந்த பலகைத் தட்டிகளை அவரே கழற்றி எறிந்தார். பாடசாலைச் சீருடையில் வருவோருக்கு இடமில்லை என்று மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்டினார். வருகிறவர்களிடம் அடையாள அட்டையை வாங்கி, பெயர், இலக்கம், வந்த நேரம், போன நேரம் எல்லாவற்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்தார். அவரை மெச்சி நானே ஒரு சிறு செய்தி எழுதினேன்.

சில ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு இணையம் வந்தது, கடை மூடப்பட்டது. அதன் பின்னர் ஒரு நாள் மாலை, பஸ் நிலையத்தருகே கடலை வாங்கினேன். கடலைச் சுருளின் கடதாசியில் கோடு போட்ட பத்திகள். பெயர்கள், இலக்கங்கள், நேரங்கள். கையெழுத்து எனக்குத் தெரிந்த கையெழுத்து. பழைய பத்திரிகைகளோடு அந்தக் கொப்பிகளும் எடைக்குப் போயிருக்கின்றன.

தமிழகத்து வாசகர்களுக்காக ஒரு விளக்கம். 2016ஆம் ஆண்டுக்கு முந்திய எமது தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500ஐக் கூட்டி எழுதுவார்கள். ஆகவே இலக்கத்தைப் பார்த்தாலே பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். அந்தச் சுருளில் இருந்த ஏழு பேரில் மூவர் பெண்கள். ஒருத்திக்கு அப்போது பத்தொன்பது வயது. மின்னஞ்சல் அனுப்பத்தான் போயிருப்பாள். ஆனால் எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் அவள் அங்கே இருந்தாள் என்பது கடலையோடு ஊர் சுற்றியது. நான் அந்தக் கடதாசியை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் இட்டேன். மற்றப் பக்கங்கள் எங்கே போயினவோ.

கொப்பி எழுதியவர் கெட்டவர் அல்லர் என்பதே இந்தக் கதையின் கவலைக்குரிய இடம். நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட பட்டியல், எழுதியவரின் நோக்கம் முடிந்த பின்னரும் உயிரோடு இருக்கிறது. இது கண்டிச் சந்துக்கு மட்டும் உரிய கதையும் அன்று. டிஸ்கோர்ட் என்ற உரையாடல் நிறுவனம், வயதைப் பற்றிய முறையீடுகளுக்காகப் பயனர்கள் அனுப்பிய அரசாங்க அடையாள ஆவணப் படங்கள் ஏறத்தாழ 70,000 பேருடையவை கசிந்திருக்கலாம் என்று 2025 ஒக்டோபரில் அறிவித்தது. சேவை வழங்கிய வேறொரு நிறுவனத்தின் வழியாக அவை போயின. கடலைச் சுருள் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு பாடத்தையும் கண்டியே கற்பித்தது. 2018 மார்ச் மாதத்தில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்செயல் வெடித்தது. அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. பேஸ்புக், வட்ஸ்அப் முதலியன ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கப்பட்டன. ஊரடங்கு வேளையில் செய்தி அனுப்ப வழியின்றி நான் தவித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பதினான்கு வயதுப் பையன் வந்து, "அங்கிள், தாங்கோ" என்று என் தொலைபேசியை வாங்கி ஒரு வீ.பி.என். செயலியைப் போட்டுத் தந்தான். தடை எங்கோ தூரதேசத்திலிருந்து பேசுவது போல் விலகிப்போயிற்று. அந்த வாரம் தடை என்றால் என்ன என்பதை இந்த நாட்டின் பெரியவர்கள் கற்றோம். தடையைத் தாண்டுவது எப்படி என்பதைப் பிள்ளைகள் கற்றார்கள். 2025இல் இங்கிலாந்தில் விதி வந்த நாட்களிலும் வீ.பி.என். செயலிகளின் பதிவிறக்கம் பன்மடங்கு உயர்ந்தது.

அப்படியானால் வாசற்காவலே வேண்டாமா? அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. உலகம் இந்தக் கேள்வியோடு நெடுநாள் மல்லாடியிருக்கிறது. பிள்ளைகளைக் காட்டி வளர்ந்தவர்களின் வாசிப்பையும் சேர்த்துத் தடுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1957இல் சொன்னது. வளர்ந்தவர் வாங்கக்கூடிய சஞ்சிகையைப் பதினாறு வயதுப் பையனுக்கு விற்பதைத் தடுக்கலாம் என்று அதே நீதிமன்றம் 1968இல் சொன்னது. இணையத்தில் அந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பது பிறகு பல ஆண்டுகள் இழுபட்டது. லூசியானா மாநிலத்தின் வயதுச் சரிபார்ப்புச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. டெக்சாஸ் மாநிலச் சட்டம் செல்லும் என்று 2025 ஜூன் 27ஆம் திகதி உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. இங்கிலாந்து 2017இலேயே சட்டம் இயற்றி, 2019 ஜூலையில் தொடங்க நாள் குறித்து, ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி அறிவிக்கத் தவறியதால் தள்ளிப்போட்டு, அந்த ஒக்டோபரில் கைவிட்டு, 2023இல் புதிய சட்டத்தோடு திரும்பி வந்தது. இந்தியாவிலோ, 2013இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட ஒரு பொதுநல வழக்கை அடுத்து, 2015இல் 857 தளங்களை முடக்க அரசாங்கம் உத்தரவிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் அதைத் தளர்த்தியது.

இலங்கையில் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது, சிறுவர் பாதுகாப்பும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் பாராளுமன்றத்திலும் வெளியிலும் எழுந்த விவாதம், பொய்க் கூற்று எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்குக் கொடுக்கப்படுவதைப் பற்றியதாகவே இருந்தது. பார்க்கும் பிள்ளை மறுபடியும் பின்வரிசையில்தான்.

கண்டியைச் சுற்றியுள்ள மலைகளை அறிந்தவன் என்ற வகையில் ஒரு விடயத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. வயதைக் கேட்பது என்றால் கடதாசியைக் கேட்பது. கடதாசி யாரிடம் இருக்கிறது? 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட மலைகள் இவை. அந்தத் தேயிலையைக் கொய்தவர்களின் சந்ததியைத்தான் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 975,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பின்னர் பார்ப்போம் என்று. பிரச்சினை சட்டப்படி தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அடையாள அட்டை விண்ணப்பத்துக்குக்கூடத் தோட்டத்துத் துரையின் கையெழுத்தை எதிர்பார்த்து நிற்பது லயத்து மக்களின் வழமை.

1990களின் தொடக்கத்தில், கலஹாப் பக்கத்து மூதாட்டி ஒருவரோடு கண்டிக் கச்சேரிக்குப் போயிருக்கிறேன். பிறப்புப் பதிவு இல்லை. பெருவெள்ளம் வந்த வருடத்தில் தாம் கொழுந்துக் கூடை தூக்கத் தொடங்கியதாகச் சொன்னார். இப்படிப்பட்டவர்களுக்கு 'உத்தேச வயதுச் சான்றிதழ்' என்று ஒன்று உண்டு. வைத்தியர் பார்த்து, இன்ன வயதாக இருக்கலாம் என்று எழுதுவார். "என் வயச எனக்குத் தெரியும் சாமி, இவுகளுக்குத்தான் தெரியல" என்றார் அந்த அம்மா. இன்று கணினி முகத்தைப் பார்த்து வயதை ஊகிக்கிறது என்று கேள்விப்படும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது. அதுவும் உத்தேச வயதுதான். ஊகம் தவறினால் ஆவணத்தைக் காட்டு என்பார்கள்; ஆவணம் இல்லாதவர் எப்போதும் சிறுபிள்ளையாகவே நிற்பார். இன்றைக்கு அது ஆபாசத் தளத்தின் வாசல். நாளைக்கு அதே பூட்டு செய்தித்தளத்துக்கும் கலந்துரையாடலுக்கும் போடப்படுமானால், மலையில் இருப்பவர்தான் முதலில் வெளியில் நிற்பார்.

நல்ல வழி ஒன்று தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது. பெயரையும் பிறந்த திகதியையும் தராமல், 'பதினெட்டு நிரம்பியவர், ஆம்' என்ற ஒரு சொல்லை மட்டும் தரும் செயலியை ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் பரீட்சித்துப் பார்க்கத் தொடங்கியது. இந்திய நிதியுதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டையை உருவாக்க முனைந்திருக்கும் இலங்கையும் இதை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அதற்குக் காவலாக இருக்க வேண்டிய 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த வேளையில் ஒத்திவைக்கப்பட்டன. முதலில் கொப்பியைப் பூட்டிவைக்க ஒரு பெட்டி வேண்டும். அதன் பின்னர்தான் பெயரைக் கேட்கலாம்.

மருமகனுக்குச் சில நாட்கள் கழித்து நானே அழைத்துப் பேசினேன். அவன் நாட்டுச் சட்டம் குறைபாடுள்ளதுதான், ஆனாலும் எங்கள் சட்டத்தைவிட நேர்மையானது என்றேன். வாசல் ஒன்று இருக்கிறது என்பதையாவது அது ஒப்புக்கொள்கிறது. எங்கள் சட்டம் ஒரு நூற்றாண்டாக இல்லை, இல்லை என்று சொல்லி, பிள்ளைகளை வாசலில் தனியாக விட்டிருக்கிறது. தடை இருக்கிறதே என்று தகப்பனும் பேசுவதில்லை, ஆசிரியரும் பேசுவதில்லை, பையன் யாரையும் கேட்பதில்லை. ஆனால் வாசலில் நிற்பவன் எப்படிப்பட்டவன் என்பதைக் கவனி என்றும் சொன்னேன். அவன் வயதை அறிந்துகொள்ளட்டும். பெயரை எழுதிவைக்க வேண்டாம்.

"பையனிடம் பேசினாயா?" என்று கடைசியில் கேட்டேன்.

சிறிது நேரம் சத்தமில்லை. "இன்னும் இல்லை, மாமா" என்றான். பேசு என்றேன். அந்தத் திரையரங்கு வாசலில் இருந்து திரும்பி வந்த அன்று, பெரியப்பா எங்கள் இருவரையும் முற்றத்தில் உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினார். காற்சட்டைக் கயிற்றைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் பேசினார். அவர் சொன்னவற்றில் பெரும்பகுதி இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.